மறுமொழி: டிரேட் கார்டுக்கு ‘வணிக அட்டை’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘டிரேட் கார்டு’ எனப்படும் பழைய அமெரிக்க விளம்பரப் பட அட்டைகளுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> டிரேட் என்றால் வணிகம், கார்டு என்றால் அட்டை. ‘வணிக அட்டை’ என்று போட்டுவிட்டுப் போவதற்கு எதற்கு ஐயா பதினான்கு மடல்?

நியாயமான கேள்விதான். நேற்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். தம்பியிடம் “வணிக அட்டை என்றால் என்ன?” என்று கேட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினான். அவன்மேல் தப்பில்லை, அந்தச் சொல் அங்கே குடியேறி வெகுநாள் ஆகிவிட்டது.

நான் படவிளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் அட்டைகள் வேறு இனம். ஒன்றைச் சொல்கிறேன். கரையில் ஒரு கருத்த திமிங்கிலம் கிடக்கிறது. ஒரு ஆள் அதைத் தேய்த்துக் கழுவுகிறான். தேய்த்த இடம் மட்டும் வெள்ளைவெளேர். அந்த வெள்ளையில் ‘சோப்பைன்’ என்று சலவைத்தூளின் பெயர். ரோட் ஐலண்டு மாநிலம் பிராவிடன்ஸ் நகரத்துக் கெண்டல் கம்பெனியின் சரக்கு. இன்னொன்று, வில்லிமாண்டிக் நூல்கண்டுக்கானது. 1882இல் லண்டன் விலங்குக் காட்சியிலிருந்து ஜம்போ யானையை சர்க்கஸ்காரர் பார்னம் வாங்கினார். யானை லண்டனை விட்டுக் கிளம்ப மறுத்ததும், விற்கக்கூடாது என்று இங்கிலாந்தில் கூச்சல் எழுந்ததும் பத்திரிகையெல்லாம் பேச்சு. நூல்காரர்கள் விடுவார்களா? இழுப்பது எங்கள் நூல், ஜம்போ போய்த்தான் ஆகவேண்டும் என்று படம் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் முகவரிக்காக யாரும் வாங்கவில்லை, படத்துக்காக வாங்கினார்கள். கடைக்காரர் கல்லாவில் அடுக்கி வைத்திருப்பார். மளிகை வாங்க வந்த அம்மாவோடு ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளை ஒன்றை வாங்கிப்போய் ஏட்டில் ஒட்டி வைக்கும். வீட்டில் வண்ணப்படம் அபூர்வமாக இருந்த காலம் அது. 1876 பிலடெல்பியா கண்காட்சியில் கம்பெனிகள் அள்ளி அள்ளிக் கொடுத்தன. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு அடுப்பு பாலிஷ், காப்பித்தூள், தையல் மெஷின், மருந்துப் புட்டி என்று எல்லாவற்றுக்கும் இதுதான் விளம்பரம். எல்லாம் பலநிறக் கல்லச்சு. நிறத்துக்கு ஒரு கல்லாகச் சுண்ணாம்புக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றுவது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிள்ளையின் கன்னச் சிவப்பு முழுக்கக் கையால் வைத்த புள்ளிகள். (‘கல்லச்சு’ என்ற சொல் நம்மிடம் பழையது, நல்லது. அதில் தயவுசெய்து யாரும் கைவைக்க வேண்டாம்.)

> ‘படச்சீட்டு’ எப்படி?

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. வீட்டில் சொன்னதும், எந்தத் தியேட்டர், எத்தனை மணி ஆட்டம் என்று கேட்டார்கள். ‘கடைச்சீட்டு’ என்றால் பில். ‘விளம்பர அட்டை’ என்றால் கம்பத்தில் தொங்குவது. ‘விளம்பரப் பட அட்டை’யில் குழப்பமில்லை, ஆனால் அது விளக்கம், சொல் அல்ல. ஒரே பத்தியில் ஆறுமுறை எழுதிப் பாருங்கள்.

நான் முன்வைப்பது ‘கடைப்படம்’.

எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். கொஞ்ச நாளில் ஏஜெண்டு அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். முருகன், லட்சுமி, பூங்கொத்தோடு குழந்தை, இயற்கைக் காட்சி. எல்லாப் படத்துக்கும் கீழே ஒரு வெற்றிடம். அப்பா புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்றைக் காட்டுவார், “இதுல நம்ம பேரைப் போட்டுடுங்க.” அதே முருகன் எதிர்ச்சாரி ஜவுளிக்கடைப் பெயரோடும் ஊரில் தொங்குவார். அதில் அப்பாவுக்கு ஒவ்வொரு தை மாதமும் ஒரு சின்ன வருத்தம்.

1880களின் அமெரிக்காவிலும் ஏற்பாடு இதேதான். அச்சகம் பூனைக்குட்டி, ரோஜா, தொப்பி போட்ட சிறுமி என்று ஆயிரக்கணக்கில் அடித்து இடம் விட்டு வைக்கும். ஊர்ச் செருப்புக்கடைக்காரரும் பல் வைத்தியரும் கரி வியாபாரியும் கட்டுக்கட்டாக வாங்கி, உள்ளூர் அச்சகத்தில் கொடுத்துப் பெயரும் தெருவும் ஏற்றிக்கொள்வார்கள், அல்லது ரப்பர் முத்திரையால் குத்திக்கொள்வார்கள். பூனைக்குட்டிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. முருகனுக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதனால் இந்த வகைக்குப் ‘பொதுக் கடைப்படம்’, திமிங்கிலம்போல ஒரு சரக்குக்கென்றே வரைந்ததற்குத் ‘தனிக் கடைப்படம்’.

> நூல் கம்பெனி அச்சடித்துக் கொடுத்ததைக் ‘கடை’ப்படம் என்பது சரியா?

அச்சடித்தது கம்பெனி, கைக்கு வந்தது கடைவழி. பின்பக்கத்தில் பல நேரம் உள்ளூர்க் கடையின் முத்திரையும் இருக்கும். அது போதும் என்பது என் கட்சி.

> கடை என்றால் இறுதி என்றும் பொருள் உண்டே. ‘கடைநிலை’, ‘கடைக்கண்’. யாரோ ஒரு நடிகரின் கடைசிப் படம் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் கடைத்தெருவைக் கடைசித் தெரு என்று யாரும் நினைப்பதில்லையே. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. ‘அட்டை’ விட்டுப்போனதிலும் நட்டமில்லை. சின்ன வயதில் தீப்பெட்டியிலிருந்து கிழித்துச் சேர்த்ததைத் ‘தீப்பெட்டிப் படம்’ என்றுதானே சொன்னோம்?

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் செம்புத் தகட்டில் செதுக்கி அடித்தவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘டிரேட் கார்டு’ என்றே பெயர். வீட்டு எண் பரவாத காலம். கடைச் சின்னத்தையும் தெருவையும் போட்டுக் கடைக்கு வழி சொன்ன தாள்கள் அவை. ஓவியர் ஹோகார்த்தே 1720இல் தனக்கு ஒன்று செதுக்கிக்கொண்டார். அவற்றை ‘வணிக அட்டை’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பையில் போட்டதற்காக நாமும் போடவேண்டியதில்லை.

மான்செஸ்டர் துணிக்கட்டுகளில் லட்சுமியும் கிருஷ்ணரும் அச்சிட்டு இந்தியாவுக்கு வந்த ‘டிக்கெட்’டுகளை இதில் சேர்க்கலாமா என்று ஒரு மடல் கேட்டது. வேண்டாம். அவை சரக்கில் ஒட்டி வந்தவை. கடைப்படம் கையில் கொடுப்பது.

இந்தப் படங்களை ஒட்டி வைத்த ஏட்டுக்கு ‘ஒட்டேடு’ என்று எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் அடிக்க வரவில்லை. 1885இல் அமெரிக்க அஞ்சல்துறை பத்திரிகைகளுக்கான கட்டணத்தைப் பவுண்டுக்கு இரண்டு சென்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. மெல்ல மெல்ல விளம்பரமெல்லாம் மாத இதழ்களுக்குப் போய், 1900 வாக்கில் கடைப்படம் ஓய்ந்தது. இந்த வரிக்குச் சொல் சிக்கல் எதுவும் இல்லை, தப்பித்தேன்.

சிக்கல் இன்னும் ஒன்றில்தான். மடிப்பு வைத்த ஒரு வகை உண்டு. மடித்திருக்கும்போது சிடுசிடு முகம். மடிப்பைத் திறந்தால் அதே உடம்பின்மேல் சிரித்த முகம், நடுவில் மருந்து வேலை செய்துவிட்டதாம். ‘உருமாற்றுப் படம்’ என்றால் கம்பளிப்பூச்சிப் பாடம்போல இருக்கிறது. ‘மடிமாற்றுப் படம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், ஆனால் ‘மடி’ என்றதும் பசுவும் ஆசாரமும் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் படவிளக்கங்களைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.