‘ரெக்யூசல்’: தமிழில் என்ன போடலாம்?

த. (திருச்சி):
அனைவருக்கும் வணக்கம். சட்ட மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ரெக்யூசல்’ ஒன்றுதான் பாக்கி; அதாவது, நடுநிலைமீது ஐயம் எழலாம் என்பது போன்ற காரணத்தால் நீதிபதி ஒரு வழக்கை விசாரிக்காமல் ஒதுங்குவது. நாளிதழ்களில் ‘விசாரணையிலிருந்து விலகினார்’ என்று வினையாக எழுதிவிடுகிறார்கள். எனக்குத் தலைப்பில் வைக்கப் பெயர்ச்சொல் வேண்டும். வெறும் ‘விலகல்’ என்றால் பதவி விலகலா என்று கேட்கிறார்கள். பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டு: 2019இல் மனித உரிமைச் செயல்பாட்டாளர் கௌதம் நவ்லாகா உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு. தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் தொடங்கி, சில நாட்களுக்குள் ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அதிலிருந்து விலகினார்கள்.

பெ. (கும்பகோணம்):
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. ‘தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு’ என்கிறது குறள். ‘ஒரீஇ’ என்பது ‘ஒருவி’; ஒருவுதல் என்றால் நீங்குதல். எனவே ‘ஒருவல்’. ஒரே சொல், நான்கெழுத்து.

சு. (மதுரை):
பெரியவரே, ‘நீதிபதி ஒருவினார்’ என்று தீர்ப்பு நகலில் வந்தால் ‘ஒருவர்’ என்பதன் அச்சுப்பிழை என்றுதான் திருத்துவார்கள். நாங்கள் வராந்தாவில் பேசுவது ‘ஜட்ஜ் ரெக்யூஸ் பண்ணிட்டார்’. அதையே ரெக்யூசல் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லத்தீன் மூலத்துக்கு மறுத்தல், ஆட்சேபித்தல் என்று பொருள். அதாவது வழக்காடுபவர் ‘இந்த நீதிபதி வேண்டாம்’ என்பது. 2015இல் நீதிபதிகள் நியமன ஆணையம் செல்லுமா என்ற வழக்கில் நீதிபதி அனில் தவே ஒதுங்கினார். அந்த ஆணையத்தில் அவரே உறுப்பினர். அடுத்து அமர்வுக்குத் தலைமையேற்ற நீதிபதி கேஹர் மீது ஆட்சேபம் வந்தது. அவர் கொலீஜியத்தில், அதாவது ஆணையத்துக்கு முன் நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்துவந்த மூத்த நீதிபதிகள் குழுவில், இருப்பவர் என்றார்கள். விலக மறுத்துவிட்டார். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

இ. (புதுச்சேரி):
இதற்குத்தானே தன்வினையும் பிறவினையும் இருக்கின்றன! தானாகப் போனால் விலகல், பிறர் போகச் சொன்னால் விலக்கல். போகிற போக்கில் ஒரு செய்தி: விலகு, விலங்கு இரண்டும் ஓரினம். விலங்குதல் குறுக்காதல். நிமிராமல் குறுக்காக நடப்பதால் விலங்கு. காலுக்குக் குறுக்கே கிடப்பதாலும் விலங்கு. ‘வில்’ என்னும் வேரிலிருந்து…

சு. (மதுரை):
வேருக்குள் இறங்காதீர்கள் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். ‘விலக்கு மனு’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டுக்கு வராமலிருக்க எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், போடுவது அது.

இ. (புதுச்சேரி):
‘விலக்கல்’ என்றேன், ‘விலக்கு’ என்று நான் சொல்லவேயில்லை.

நி. (சேலம்):
நீங்கள் இலக்கணம் பார்க்கிறீர்கள், எனக்கு இந்தச் சொல்லின் மரியாதைதான் உறுத்துகிறது. விலகல் என்றால் ஏதோ பெருந்தன்மை மாதிரி இருக்கிறது. நவ்லாகா வழக்கில் ஏன் விலகினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், அது நீதிபதியின் கடமை என்று 2015இலேயே, அந்த ஆணைய வழக்கில், நீதிபதி குரியன் ஜோசப் எழுதினார். இப்போது இ. ஐயாவுக்கு ஒரு கேள்வி. 2021இல் நந்திகிராம் தேர்தல் வழக்கில் நீதிபதி கௌசிக் சந்தா விலக வேண்டும் என்று மம்தா பானர்ஜி கேட்டார். அவர் விலகினார். விலகும்போதே, கேட்ட முறை சரியில்லை என்று மம்தாவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டார். இது தன்வினையா, பிறவினையா?

இ. (புதுச்சேரி):
செய்வினைதான், சந்தேகமே இல்லை.

பெ. (கும்பகோணம்):
குறள் ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்கிறது. கண்ணோடுதல் என்றால் இரக்கப்பட்டு ஒருபக்கம் சாய்தல். இன்றோ கண்ணோட்டம் என்றால் வெறும் பார்வை. சொற்களை இப்படித் தேயவிட்டுவிட்டு, ரெக்யூசலை அப்படியே எழுதலாம் என்கிறார் தம்பி. ‘ஒருவல்’ புழங்கப் புழங்கப் பழகிவிடும்.

த. (திருச்சி):
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ‘வழக்கு விலகல்’ என்று போடுகிறேன். தரப்பினர் கேட்பதற்கு ‘விலகக் கோரும் மனு’. நி., இ. இருவருக்கும் சம்மதம். மற்றவர்கள் மௌனம், சரி என்றே கொள்கிறேன்.

சு. (மதுரை):
‘வழக்கு விலகல்’ என்றால் வழக்கே எழுந்து போய்விட்டது போல இருக்கிறது. ‘அமர்வு விலகல்’ பரவாயில்லை.

இ. (புதுச்சேரி):
தனி நீதிபதி விசாரிக்கும்போதுமா?

பெ. (கும்பகோணம்):
அடைப்புக்குறிக்குள்ளாவது ‘ஒருவல்’ போடலாமே அம்மா?