சால்வை ஆர்டரும் பிப்ரவரியில் ஒரு முற்றமும்

அன்புள்ள ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதம் கோத்தகிரியில் நடக்கும் நம் சங்க விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்குப் போர்த்த நூற்றைம்பது தோடர் சால்வை வாங்கலாம், மாலையில் நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர், கோத்தர் பெண்களை மேடையேற்றி ஆடச் சொல்லலாம் என்று தலைவர் அண்ணன் எழுதியிருந்தார். நம் மலையின் கலைகள் நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. ஆனால் அந்த இரண்டுமே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அதே பணத்தை வைத்து அந்தப் பெண்கள் சேர்ந்து உட்கார ஒரு வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுப்போம் என்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சால்வை. தோடர் பூவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மாதிரிப் படம் கிடையாது, துணியை இழுத்துக் கட்டச் சட்டம் கிடையாது, பென்சிலால் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை. கொஞ்சம் தளர்வாக நெய்த வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் ஏறி இறங்குகின்றன. ஊசி ஓடுவது துணியின் பின்பக்கத்தில். மறுபக்கத்தில் நூல் சின்னச் சின்ன வளையமாகப் புடைத்து நிற்கும், அதுதான் அவர்களுக்கு நல்ல பக்கம். ஓர் இழை எண்ணிக்கை தவறினால் வரிசையே கோணிவிடும். பூத்துக்குளி என்கிற பெரிய தோடர் சால்வை ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும், வேலை அடர்த்தியாக இருந்தால் மாதக்கணக்கில்கூட ஆகும். அதுவும் அடுப்பு, பிள்ளைகள், தோட்டம், எருமை எல்லாம் போக மிஞ்சுகிற நேரத்தில். வெளிச்சம் நன்றாக இருந்தால்தான் இழை தெரியும். நம் ஊர் மூடுபனியிலும் ஆடி மழையிலும் எத்தனை நாள் அப்படி வெளிச்சம் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2011 கணக்கெடுப்பின்படி தோடர் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். ஆண்கள், குழந்தைகள், கண் மங்கிய முதியவர்கள் போக, ஊசி எடுக்கிற பெண்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்? மூன்று மாதத்தில் நூற்றைம்பது சால்வை வேண்டும் என்று நாம் அவசரப்படுத்தினால் அந்த ஆர்டர் தோடர் குடியிருப்பான மந்துக்குப் போகாது. யாரோ ஓர் இடைத்தரகர் வாங்கிக்கொண்டு மெஷினில் அடித்துக் கொடுத்துவிடுவார். கடைவீதியில் இப்போதே அப்படிப்பட்ட சால்வைகள் தொங்குகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புரட்டிப் பாருங்கள். கைவேலை என்றால் இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளும்படி சுத்தமாக இருக்கும். மெஷின் வேலையில் பின்பக்கம் நூல் குழம்பிக் கிடக்கும், இல்லாவிட்டால் ஒரு துணியை வைத்து மறைத்திருப்பார்கள்.

தோடர் நலவாழ்வுச் சங்கமும், கோத்தகிரியிலேயே இருக்கும் கீஸ்டோன் அறக்கட்டளையும், அரசின் கைவினை நிறுவனமான பூம்புகாரும் சேர்ந்து விண்ணப்பித்ததில் 2013இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய விஷயம். போலியாக விற்பவரைக் கேள்வி கேட்க அதில் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அவசர ஆர்டர் கொடுக்கிற நம்மைப் போன்றவர்களை அந்தக் குறியீடு தடுக்காது. அது நாமே பார்த்து நடந்துகொள்ள வேண்டியது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். தோடர்கள் இறந்தவரைப் பூத்துக்குளி போர்த்தித்தான் வழியனுப்புகிறார்கள். வீட்டுப் பெரியவருக்காக ஒரு பெண் தைக்கிற துணி அது. மேடையில் ஒருவருக்குப் போர்த்தி, புகைப்படம் எடுத்து, அப்புறம் அவர் வீட்டு அலமாரிக்குள் போய்விடுகிற பொன்னாடையின் கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து மேடை நிகழ்ச்சி. கோத்தர் பெண்களின் ஆட்டம் அவர்களுடைய தெய்வங்களான அய்யனோர் அம்மனோர் திருவிழாவோடு சேர்ந்தது. ஆண்கள் கொம்பும் பறையும் குழலும் வாசிக்க, அந்தந்த ஊரில், அந்தந்த முறைப்படி ஆடுவது. அதைப் பத்து நிமிடமாகச் சுருக்கி மைக் முன்னால் ஆட வைத்தால் நமக்குக் கைதட்ட ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். சொல்லிக் கொடுக்க வேண்டிய பாட்டியிடமிருந்து பேத்திக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது.

இப்போது நான் இருக்கும் நியூசிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களின் நெசவு இங்கே ஒரு கட்டத்தில் வெகு சில குடும்பங்களில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஹரகேக்கே என்ற செடியின் நீண்ட இலையைக் கிழித்துப் பாயும் கூடையும் முடைவார்கள். அதே இலையைச் சிப்பி ஓட்டால் சுரண்டி நாரெடுத்து, தறியே இல்லாமல் விரலாலேயே மேலாடை பின்னுவார்கள். இலை அறுப்பதற்குக்கூட ஒழுங்கு உண்டு. நடுவில் இருக்கும் குருத்து குழந்தை, அதன் இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும் இலைகள் தாய் தகப்பன். அந்த மூன்றையும் தொடக்கூடாது, வெளி இலைகளை மட்டும் எடுக்கவேண்டும். நெசவு கற்க வருகிறவருக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

ரங்கிமாரீ ஹெட்டெட் என்ற அம்மையார், 1892இல் பிறந்து 1995 வரை வாழ்ந்தவர், இந்தக் கலையில் பெரிய கை. சொந்தக் குடும்பத்துக்கும் குலத்துக்கும் வெளியே சொல்லித் தரக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். 1951இல் மாவோரிப் பெண்கள் நலச் சங்கம் தொடங்கிய பிறகு அதன் வழியாக, விரும்பி வருகிற எல்லோருக்கும் கற்றுக் கொடுக்கத் தீர்மானித்தார். சுலபமான முடிவாக இருந்திருக்காது. கட்டுப்பாட்டைக் காப்பாற்றினால் கலை போய்விடும் என்ற நிலையில் கலையின் பக்கம் நின்றார். அப்புறம் 1983இல் டோக்கோமாரு விரிகுடாப் பக்கம், நாடு முழுவதிலுமிருந்து நெசவுப் பெண்கள் ஒன்றாகக் கூடினார்கள். அந்தக் கூடலிலிருந்து அவர்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பு உருவாகி, வேறு வேறு ஊர்களில் கூடுவது தொடர்கிறது. வெவ்வேறு குலத்துப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலை செய்கிறார்கள். மறந்துபோன ஒரு பின்னல் வேறொரு பாட்டியின் விரலில் இருப்பது அப்படி உட்கார்ந்தால்தான் தெரியவரும்.

நம் மலையில் இது இன்னும் பொருத்தம் என்று நினைக்கிறேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் இருப்பது நீலகிரியில். ஒரு காலத்தில் இவர்கள் ஒருவர் இல்லாமல் ஒருவர் இல்லை. கோத்தர் வீட்டு ஆண்கள் அடித்த அரிவாளும் பெண்கள் வனைந்த பானையும் தோடர் மந்துக்கும் படுகர் ஊரான அட்டிக்கும் போகும். அங்கிருந்து நெய்யும் தானியமும் வரும். குறும்பரிடமிருந்து தேன் வரும். காசும் சந்தையும் வந்த பிறகு அந்தப் பண்டமாற்று கலைந்தது. எவர்சில்வர் வந்ததும் கோத்தர் பெண்களின் சக்கரத்துக்கு வேலை குறைந்தது. ஆனாலும் சடங்குக்கு மண்பானை வேண்டியிருப்பதால் அந்த வித்தை இன்னும் கையில் நிற்கிறது. குறும்பர் ஓவியம் சிவப்பு மண், வெள்ளை மண், மரப்பட்டை, இலைச்சாறு என்று காட்டிலேயே கிடைக்கும் நிறங்களால் ஆனது. சுவரிலிருந்து இன்று காகிதத்துக்கு வந்திருக்கிறது. இந்தப் பெண்கள் எல்லோரும் சில மணி நேரப் பஸ் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் நாலு நாள் சேர்ந்து உட்கார அவர்களுக்கு நேரமும் கூலியும்தான் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். சால்வைக்கும் மேடைக்கும் பந்தலுக்கும் ஒதுக்கிய பணத்தை அப்படியே எடுத்து, அடுத்த பிப்ரவரியில் நான்கு நாள் கூடல் ஒன்றுக்குக் கொடுப்போம். மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சி சமயத்தில் வண்டி நெரிசல் ஒரு பக்கம், அவர்களுக்கு விற்பனை நடக்கும் காலமும் அதுதான். டிசம்பர், ஜனவரியில் அவர்களுடைய திருவிழாக்கள் வரும். பிப்ரவரியில் காலையில் குளிர் கடித்தாலும் பகல் முழுக்க நல்ல வெயில் இருக்கும், இழை எண்ணத் தோதானது. மண்டபம் தேவையில்லை. எந்த மந்தில், எந்த ஊரில் என்று அவர்களே சொல்லட்டும்.

வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தினக்கூலி கொடுக்கவேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண் நாலு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கலை வளர்க்க வரவேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை. சொல்லித் தரும் பாட்டிமார்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும், ஆசிரியர் என்ற மரியாதையோடு. போகவர ஜீப், சாப்பாடு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், நூல், துணி, மண் எல்லாம் நம் செலவு. மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவரையும் கூட்டிவர வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஊசியை வைத்துவிடும் பெண்களில் பலருக்குத் தேவை ஒரு கண்ணாடிதான். நம் செலவிலேயே அதிகம் பயன் தரப்போவது அதுவாகத்தான் இருக்கும்.

நம்மில் யாரும் போய் உட்கார்ந்து வீடியோ எடுக்கவேண்டாம். எந்தப் பூவை வெளியாருக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது, எதைப் பதிவு செய்து தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் அழைத்தால் கடைசி நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

விருந்தினர் மரியாதை பற்றி அண்ணனுக்கு ஒரு யோசனை. சால்வைக்குப் பதிலாகச் சின்னப் பை, புத்தக அடையாளம் போன்ற கைவேலைகளை இப்போதே சொல்லிவைத்தால் மே மாதத்துக்கு ஓரளவு கிடைக்கும். எத்தனை முடியும் என்று அவர்களைக் கேட்டு, அவ்வளவு மட்டும் வாங்குவோம். பாதிப் பணம் முன்கூட்டியே போகட்டும், நூலும் துணியும் வாங்க அவர்களுக்குக் கடன் வேண்டாம். பேரம் பேசவேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், நம்மில் ஊரில் இருக்கும் அக்காமார் யாராவது இரண்டு பேர் போய், இப்படி ஒரு கூடலில் அவர்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு வரவேண்டும். இல்லை என்றால் இந்த யோசனையை அத்தோடு விட்டுவிடலாம், பணத்தை வேறு என்ன செய்யலாம் என்றும் அவர்களிடமே கேட்கலாம். போக முடிந்தவர்கள் குழுவுக்கே பதில் எழுதுங்கள், தனி மடல் வேண்டாம். நூற்றைம்பது சால்வைக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். பொருளாளர் அதை மட்டும் உடனே உறுதி செய்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஆக்லாந்திலிருந்து உங்கள் ஊர்க்காரி