"இம்யூனோமாடுலேட்டர்" – சீராக்கி வேண்டாம் என்கிறேன்

வணக்கம்.

உடம்பின் நோயெதிர்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் பொருளுக்கு ஆங்கிலத்தில் "இம்யூனோமாடுலேட்டர்" என்று பெயர். அதற்கு நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். போன வாரம் ஐயா எழுதியது:

> "நோயெதிர்ப்புச் சீராக்கி" போதும். எளிமை, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, சிக்கலே அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஏரிப்பக்கம் ஒரு கடையில் காளான் பொடி டப்பா பார்த்தேன். ரெய்ஷியும் ஷீட்டேக்கும் கலந்ததாம், மேலே "எதிர்ப்பு சக்தியைச் சீராக்கும்" என்று கொட்டை எழுத்து. வாங்க வந்த அம்மா ஒருவர், முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், "சீராக்கும்னா நல்லதுதானுங்களே, மாத்திரையோட இதையும் சேத்துக்கலாமா?" என்று கடைக்காரரைக் கேட்கிறார். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பு தன் மூட்டையே தாக்குகிறது, பல மாத்திரைகள் அதை அடக்கத்தான் கொடுக்கிறார்கள். அதைக் கிளப்பிவிடக்கூடிய ஒன்றைக் கூடவே சாப்பிடலாமா என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. "சீர்" என்ற சொல் வந்ததும் கேள்வியே எழவில்லை.

கலைச்சொல் வேலையைச் சொன்னால் போதும், பலனுக்கு உத்தரவாதம் தரக்கூடாது.

காளான் செய்கிற வேலை என்ன? அதன் செல்சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, நம் செல்களில் அது கிடையாது. அதனால் கிருமிகளை விழுங்கும் நம் விழுங்கு செல்கள், மேலே துருத்திக்கொண்டிருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பியால் அதைப் பிடித்ததும், ஏதோ பூஞ்சை உள்ளே புகுந்துவிட்டது என்று சைட்டோகைன் என்ற சேதி சொல்லும் புரதங்களைச் சுரந்து ஊரைக் கூட்டுகின்றன. ஜப்பானில் வான்கோழிவால் காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற மருந்துக்கு 1977இலும், ஷீட்டேக்கிலிருந்து எடுத்த லெண்டினானுக்கு 1985இலும் அனுமதி கொடுத்தார்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக. லெண்டினானை ஊசியாக ஏற்றினார்கள், பொடியைப் பாலில் கலக்கிக் குடிப்பதோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

இது ஏற்றம். இறக்கமும் பூஞ்சையிலேயே இருக்கிறது! மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. பூச்சிமேல் முளைக்கும் ஒரு பூஞ்சையின் சரக்கை மாற்றியமைத்துத்தான் ஃபிங்கோலிமாட் செய்தார்கள், அதுவும் எதிர்ப்பை அடக்குகிற மருந்து. ஆக "ஊக்கி" பாதி, "ஒடுக்கி" பாதி. இரண்டையும் அடக்கி, நல்லது கெட்டது சொல்லாத சொல் வேண்டும்.

"மாற்றி" என்றால் மின்மாற்றி நினைவுக்கு வருகிறது. "பண்பேற்றி" இயற்பியல் பாடநூலில் வானொலி அலைக்குப் போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும்.

சின்ன வயதில் நாகலூரில் பாட்டி வீட்டில் மழைக்குக் கரண்ட் போனால் அரிக்கேன் விளக்குதான். பக்கவாட்டுத் திருகைப் பாட்டி ஒரு சுற்று முன்னே, அரைச்சுற்று பின்னே திருகுவார். திரி கூடிப்போனால் சிமினி கரிபிடிக்கும், குறைந்தால் அணையும். "ஏத்தி எறக்கிப் பாரு" என்பார். அந்தத் திருகு வெளிச்சத்துக்குப் பொறுப்பில்லை, ஏற்றும், இறக்கும், அவ்வளவுதான்.

என் பரிந்துரை: நோயெதிர்ப்பு ஏற்றிறக்கி. வினை ஏற்றிறக்கு, பெயர் ஏற்றிறக்கம். முன்பாதிக்கு நம் பாடநூல் "நோய்த்தடைக்காப்பு" என்கிறது, இலங்கையில் "நிர்ப்பீடனம்". அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

---

> நோயெதிர்ப்பு ஏற்றிறக்கி

தம்பி, வாதம் சரி. ஆனால் ஏற்றிறக்கி என்றதும் எனக்குச் சேலம் லீ பஜாரில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர்தான் கண்ணில் நிற்கிறார். அப்புறம், றகரம் அடுத்தடுத்து வருகிறது, வாய் தடுக்குகிறதே?

---

ஐயா, மூட்டைக்காரர் நினைவு வருவது எனக்குச் சம்மதமே, அவரும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வாய் தடுக்குவது மெய்தான், பத்து தடவை சொல்லிப் பார்த்தேன், ஏழாவது தடவையில்தான் பழகியது. "இந்தக் காளான் பொடி ஒரு நோயெதிர்ப்பு ஏற்றிறக்கி" என்று டப்பாவில் போட்டிருந்தால் அந்த அம்மா "ஏத்துமா, எறக்குமா?" என்றாவது கேட்டிருப்பார். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள், "சீர்" மட்டும் வேண்டாம்.