கட்டை இறங்கிய பான் ஜோவி: ‘ஃபார்எவர்’ கேட்டவர்கள் பகிர்வு

தொடங்கி வைப்பவர்

அமெரிக்க ராக் இசைக்குழு பான் ஜோவியின் பாடகர் ஜான் பான் ஜோவிக்குத் தொண்டை ஆபரேஷன் நடந்தது 2022 ஜூனில். அதற்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் ‘ஃபார்எவர்’, 2024 ஜூன் 7. அப்போது அவருக்கு வயது 62. பன்னிரண்டு பாட்டு. 2025 அக்டோபரில் அதே ஆல்பம் ‘லெஜண்டரி எடிஷன்’ என்று விருந்தாளிப் பாடகர்களோடு மறுபடி வந்தது. அன்றிலிருந்து இரண்டே கட்சிதான். ஒன்று “குரல் திரும்பிடுச்சு”, மற்றது “எல்லாம் கம்ப்யூட்டர் வேலை”. இரண்டுமே மேலோட்டம். எந்தப் பாட்டில் என்ன கேட்டது, ஏன் அப்படிக் கேட்கிறது என்று விவரமாக எழுதுங்கள். “ஒரு காலத்துல எப்படி இருந்தவர் தெரியுமா” புலம்பல் இங்கே வேண்டாம்.

கிதார் வாசிப்பவர்

முதல்ல ஒரு கணக்கு. அவங்களோட பெரிய ஹிட் ‘லிவின் ஆன் எ ப்ரேயர்’ ஆரம்பிக்கிறது ஈ மைனர், நம்ம சுருதிக் கணக்குல மூணு கட்டை. கடைசிப் பல்லவியில ஜி மைனருக்குத் தாவும், அதாவது அஞ்சு கட்டை. ஏற்கெனவே மேல் ஸ்தாயியில நிக்கிற பல்லவி இன்னும் மூணு அரைச்சுரம் மேல போகுது. அந்தத் தாவலுக்கு முன்னாடி ஒரு வட்டணையில, அதாவது ஒரு தாளச் சுற்றுல, ஒரு தட்டு குறையும், நாலுக்குப் பதிலா மூணு. கேக்குறவனுக்கு அது தூக்கிப் போடுற மாதிரி இருக்கும். பாடுறவனுக்கு மூச்சு எடுக்க வேண்டிய இடம் அங்க பறிபோகுது.

1986-ல ஸ்டுடியோவுல ஒரு நாள் பாடி வச்ச இடம் அது. அதையே வருஷக் கணக்கா ராத்திரிக்கு ராத்திரி மேடையில பாட வேண்டி வந்ததுதான் வம்பு. ‘நியூ ஜெர்சி’ ஆல்பத்தோட சுற்றுப்பயணத்துல மட்டும் இருநூறு கச்சேரிக்கு மேல. பிற்காலத்துல மேடையில அந்தத் தாவலையே விட்டுட்டு, சுருதியையும் இறக்கித்தான் வாசிச்சாங்க.

இறக்குறதுல என்ன கஷ்டம்னு கேக்கலாம். அரைக் கட்டை இறக்கினா பிரச்சினை இல்ல, பத்துக்கு நாற்பத்தாறுங்கிற வழக்கமான தடிமன் கம்பி செட்டே தாங்கும். ஒரு கட்டைக்கு மேல இறக்கினா கம்பி தொளதொளன்னு ஆடும், அழுத்தி அடிச்சா சுருதி மேல விலகும். பதினொண்ணுல ஆரம்பிக்கிற தடிச்ச செட்டுக்கு மாத்தணும். கழுத்து வளைவைச் சரி பண்ணணும், பிரிட்ஜ்ல இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்க சுருதி சரியா நிக்குதான்னு பார்க்கணும். பேஸ் கிதாருக்கு அஞ்சாவது கம்பி தேவைப்படும். இதையெல்லாம் தவிர்க்க பெடல் வச்சு இறக்கினா, கார்டு அடிக்கும்போது ஒரு நடுக்கம் வரும், கை அடிச்சதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தாமதமும் இருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் பாட்டுக்குள்ளேயே இருக்கு. பல்லவிக்காக இறக்கினா சரணம் கீழ அமுங்கிப் போகும். மேல எட்டலைங்கிறதைச் சரி பண்ணப் போய் கீழ கேக்கலைங்கிறது வந்து சேரும்.

தொண்டைப் பக்கம் தெரிந்தவர்

கிதார்க்காரர் சொன்னது வெளியே நடப்பது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

குரல் நாண் இரண்டும் நேராக வந்து ஒன்றோடொன்று ஒட்டினால்தான் கணீரென்ற சாரீரம். வயதானால் நாணுக்குள் இருக்கும் தசை மெலியும், ஓரம் வில் மாதிரி வளையும். பாடும்போது நடுவில் கதிர் வடிவில் ஒரு சந்து நிற்கும், அதன் வழியே காற்று ஒழுகும். குரலில் ‘ஹ்’ கலப்பது, தம் சீக்கிரம் தீர்வது, நீளமான கார்வை கடைசியில் உடைவது எல்லாம் இந்த ஒழுக்கின் விளைவு. சந்தை அடைக்க மேலே இருக்கும் போலி நாண்களை நெரித்துப் பாடுவார்கள். அந்த நெரிப்புதான் கரகரப்பாகக் காதில் விழுகிறது. முயற்சி போதாமல் வருவது அல்ல, முயற்சி மிஞ்சிப்போய் வருவது.

ஜானுக்கு நடந்தது இதில் ஒருபக்கக் கதை. ஒரு நாண் மெலிந்துவிட்டது, தடித்த நாண் மெலிந்ததைத் தள்ளிக்கொண்டிருந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதற்குச் செய்ததுதான் கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளை வைக்கும் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970-களில் வகுத்த முறை அதன் அடிப்படை.

செய்முறை பொதுவாக இப்படி. கழுத்து மடிப்பில் சில சென்டிமீட்டர் கீறல். சங்கு என்கிறோமே, அந்தக் குருத்தெலும்பின் பக்கவாட்டில், நாண் இருக்கும் மட்டத்துக்கு நேராக ஒரு சின்ன ஜன்னல் வெட்டுவார்கள், ஒரு சென்டிமீட்டர் அகலம் வரும். அதன் வழியாகக் கோர்-டெக்ஸ் நாடாவை மடித்து மடித்துச் செருகி, மெலிந்த நாணை வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளுவார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. “ஈ...” என்று சொல்லச் சொல்லி, காதால் கேட்டுக்கொண்டே எவ்வளவு செருகுவது என்று முடிவு செய்வார்கள். கிதார் முறுக்காணி திருப்புகிற மாதிரிதான். வீக்கம் வடிந்தால் சற்றுத் தளரும் என்பதால் ஒரு நூல் கூடுதலாகத் தள்ளி வைப்பதும் உண்டு.

தப்பாவது எங்கே? ஜன்னலை மேலே வெட்டிவிட்டால் நாணுக்குப் பதிலாக அதற்கு மேலிருக்கும் குழிவு அமுங்கும். நாடா முன்பக்கம் அதிகம் போனால் குரல் நெரிந்து, கெட்டியாக வரும். முதல் நாள் வீக்கத்தில் மூச்சுப் பாதை குறுகலாம், அதனால் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. இந்த நாடா சந்தை அடைக்கும், அவ்வளவுதான். தசைக்குப் பழைய நெகிழ்வைத் தராது. மேல் ஸ்தாயிக்கு நாண் நீண்டு மெலிய வேண்டும், அது வேறொரு தசையின் வேலை. ஆகவே “ஆபரேஷன் ஆச்சே, பழைய உச்சம் ஏன் வரலை” என்ற கேள்வியே தப்பு. கதவு சரியாக மூடுகிறது, கதவின் உயரம் கூடவில்லை.

ஒலிப்பதிவு வேலை செய்பவர்

மேலே டாக்டர் சார் சொன்ன காற்றொழுக்குதான் ஸ்டுடியோவில் பெரிய தலைவலி. “ஆட்டோ-டியூன் போட்டா ஆச்சு” என்பவர்களுக்காக எழுதுகிறேன். சுருதி திருத்தும் மென்பொருள் எதுவானாலும், முதலில் அலை சீராகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்துத்தான் சுரத்தைக் கண்டுபிடிக்கும். காற்றும் கரகரப்பும் கலந்த குரலில் அது குழம்பி, ஒரு ஸ்தாயி கீழே தாவி, கொப்பளிக்கும் சத்தம் வரும். நல்ல குரலைத் திருத்துவது சுலபம், நொந்த குரலைத் திருத்துவது சிரமம். ஜனங்கள் நினைப்பது தலைகீழ்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமன் செய்யும் கம்ப்ரஸரிலும் இதே கதை. எட்டு பத்து டெசிபல் அழுத்தினால் குரலோடு காற்றும் மேலே ஏறிவரும். ஸ், ஷ் எல்லாம் கத்தி மாதிரி நிற்கும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அதைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் போட்டு அடக்கினால் பாட்டு மழுங்கும். அதனால் ஒரே கருவியில் அழுத்தாமல் இரண்டு மூன்று கட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, லேசாக சாச்சுரேஷன் என்ற ஒலிச்சிதைவு கலந்து மேல்சுரங்களை உண்டாக்குவார்கள்.

ஸ்டுடியோ தரும் உண்மையான சலுகை நேரம்தான். நாலு வரி பாடி, தண்ணீர் குடித்து, மறுபடி அதே நாலு வரி. பிறகு நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுவது. பெரும்பாலான பாடகர்களுக்கு, இருபது வயதுக்காரர்களுக்கும்கூட, இப்படித்தான் நடக்கிறது.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். சி.டி. தரத்தில் பாட்டை எடுத்து ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். ஒன்றின் அலையை மட்டும் ‘இன்வர்ட்’ செய்து, அதாவது தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். நடுவில் இருக்கும் முதன்மைக் குரல் ஏறக்குறைய மறைந்துவிடும். மிஞ்சுவது பக்கவாட்டில் வைத்த இரட்டைக் குரல், கூட்டுக்குரல், எதிரொலி. பல்லவியில் எவ்வளவு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பளிச்சென்று தெரியும். குறைந்த தர எம்.பி.3-இல் செய்யாதீர்கள், தகர டப்பாவைக் குலுக்குகிற இரைச்சல்தான் கேட்கும், அதை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது.

பதிலாக ஒருவர்

அப்போ இந்த ஆல்பத்துல இருக்குற ‘லெஜண்டரி’ பாட்டோட பல்லவியைக் கூட்டுக்குரல்தான் தூக்கிப் பிடிக்குதுன்னு ஒத்துக்கறீங்க?

ஒலிப்பதிவு வேலை செய்பவர்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ப்ரேயர்’ வந்த ‘ஸ்லிப்பரி வென் வெட்’ ஆல்பக் காலத்திலும் அதேதான் ப்ரோ. பான் ஜோவி பல்லவி என்றாலே கூட்டம் சேர்ந்து பாடுவதுதான். அன்று கிதார் வாசித்த ரிச்சி சம்போரா மேலே ஒரு இழை பாடுவார், ஜான் குரல் இன்னும் உயரமாக இருப்பதுபோல் அது காட்டும். 2013-இல் அவர் விலகியபோது போனது கிதார் மட்டும் அல்ல. ஜானின் குரல் அதற்குப் பிறகு ‘திடீரென்று’ கிழடு தட்டியதாகத் தெரிவதில் அந்த இழை இல்லாததற்கும் பங்கு உண்டு.

ஆல்பத்தை வரிசையாகக் கேட்டு எழுதுபவர்

எனக்குப் பட்டது: இந்த ஆல்பம் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மெட்டுகள் நடு ஸ்தாயியில் சுற்றுகின்றன, வரிகள் குட்டையாக முடிகின்றன, மூச்சுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ‘லிவிங் ப்ரூஃப்’ மாதிரி இரைச்சலான பாட்டுகளில் குரலுக்கு வேலை குறைவு, தாளமும் கிதாரும் இழுத்துப்போகும். அவற்றைக் கேட்டுவிட்டு “ஃபார்முக்கு வந்துட்டார்” என்பது அவசரம்.

கேட்க வேண்டியது மகள் கல்யாணத்தை வைத்து எழுதிய ‘கிஸ் த ப்ரைட்’, கடைசிப் பாட்டு ‘ஹாலோ மேன்’. இங்கே ஒளிய இடமில்லை. ஹெட்போனில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் முதலில் காற்றாக வந்து பிறகு சுரமாகிறதா? நீட்டும் சுரத்தின் முடிவில் அசைவு சீராக இருக்கிறதா? நல்ல குரலில் நொடிக்கு ஐந்தாறு அலை இருக்கும், அதைவிட மெதுவாக அகலமாக ஆடினால் அது வயது. மூன்றாவது, ஒரே மூச்சில் எத்தனை சொல். இந்தப் பாட்டுகளில் குரல் மெலிந்து, விளிம்பில் பிசிறோடுதான் வருகிறது, ஆனால் சுரத்தின் மேல் நிற்கிறது. பிசிறை இழைத்துத் தேய்க்காமல் விட்டதுதான் இந்த ஆல்பத்தின் நல்ல முடிவு என்பேன். ‘லெஜண்டரி எடிஷனில்’ ‘ஹாலோ மேன்’ பாட்டை ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனோடு சேர்ந்து பாடுகிறார். அதையும் அடுத்தடுத்து கேளுங்கள், இரண்டு விதமான தேய்ந்த தொண்டை, இரண்டு விதமான கரகரப்பு.

மறுப்பவர்

சட்டையை அளவெடுத்துத் தைச்சதை எதுக்குப் பெருமையா பேசணும்? ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு 2024-ல ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ ஆல்பம் வந்தப்போ 72 வயசுலயும் கத்தினாரே!

தொண்டைப் பக்கம் தெரிந்தவர்

ஒப்பிடும் இடம் சரியில்லை. ஹால்ஃபோர்டின் அலறல் பெரும்பாலும் தலைக்குரல் பக்கம், நாண் விளிம்பு மட்டும் மெல்ல அதிர்கிறது, நம்மூரில் கள்ளக்குரல் என்பார்களே அதன் முறுக்கிய வடிவம். ஜான் பாடியது நெஞ்சுக் குரலையே இழுத்து மேலே தள்ளுவது. தேய்மானம் இதில்தான் அதிகம். பொருத்தமான ஜோடி டீப் பர்ப்பிள் குழுவின் பாடகர் இயன் கில்லன். அந்தக் குழு 2002-க்குப் பிறகு ‘சைல்ட் இன் டைம்’ பாட்டையே மேடையில் எடுப்பதில்லை. இறக்கிப் பாடி அசிங்கப்படுத்தாமல் மூட்டை கட்டி வைத்துவிட்டார். ஜானுக்கு அந்த வசதி கிடையாது. ‘ப்ரேயர்’ இல்லாமல் அவர் மேடையை விட்டு இறங்கினால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

கிதார் வாசிப்பவர்

ஆபரேஷனுக்கு முந்தின 2022 கச்சேரி செல்போன் வீடியோக்களை வச்சு இப்பவும் தீர்ப்பு எழுதுறாங்களே, அதுக்கு ஒரு வார்த்தை. போன் மைக் சத்தம் கூடினா தானா இறக்கும், குறைஞ்சா தானா ஏத்தும். பேஸ் முழங்கினா அத்தனையும் நசுங்கும். சுருதி விலகினதை அதுல நம்பலாம். குரல் மெலிசா இருக்கு, தகரமா இருக்குங்கறதை நம்பாதீங்க. அந்த ஏப்ரல் கச்சேரிகள்ல சுருதி விலகினது நிஜம், அதை யாரும் மறைக்கல, அவரும் மறைக்கல.

தொடங்கி வைப்பவர்

நல்லது. 2026 ஜூலையில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பல இரவுகள் கச்சேரி, பிறகு எடின்பரோ, டப்ளின், லண்டன் என்று அறிவித்தார்கள். இரண்டரை மணி நேரம், வாரத்துக்கு நாலு இரவு பாட முடிந்தால்தான் வருவேன் என்று முன்பு சொன்னவர் அவர். எனவே பதிவுகளை ஒப்பிடுகிறவர்கள் முதல் இரவை விட்டுவிடுங்கள், ஓய்ந்த தொண்டை அன்று நன்றாகத்தான் இருக்கும். ஒரே வாரத்தின் மூன்றாவது இரவை எடுங்கள். எந்தக் கட்டையில் எடுக்கிறார், கடைசிப் பல்லவியில் அந்த ஒரு தட்டு குறைகிறதா, குறைந்த பிறகு மேலே போவது அவரா கூட்டமா என்று தேதியோடு குறித்துவிட்டு வந்து எழுதுங்கள்.