கோவை ஏர்போர்ட் டு மேட்டுப்பாளையம்: எந்த ஸ்டேஷனில் ஏறுவது?

நாங்க குன்னூர். வர்ற சனிக்கிழமை மதியம் அம்மாவும் அப்பாவும் மும்பையிலிருந்து விமானத்தில் கோவை வர்றாங்க. கொண்டை ஊசி வளைவுன்னாலே அம்மாவுக்கு வாந்தி; பஸ், டாக்சி ரெண்டுக்கும் ஒத்துக்க மாட்டாங்க. அதனால் ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கல், மறுநாள் காலை 7.10 மலை ரயில். டிக்கெட் எடுத்தாச்சு (கிடைச்சதே பெரிய விஷயம்).

சிக்கல் அதுக்கு முன்னாடிதான். ஏர்போர்ட்டிலிருந்து நேரடி ரயில் கிடையாது. பக்கத்தில் பீளமேடு ஸ்டேஷன் இருக்கு, ஆனா மேட்டுப்பாளையம் பாசஞ்சர் அந்தப் பக்கமே வராது. ஜங்ஷனில் கிளம்பி வடகோவை, துடியலூர், காரமடைன்னு போயிடும். விசாரணை எண்ணுக்கு அடிச்சுப் பார்த்தேன், யாரும் எடுக்கலை. ஆப்பில் நேரம் மட்டும்தான் இருக்கு. அப்பாவுக்கு முழங்கால் வலி, மேம்பாலப் படி ஏற முடியாது. பெரிய பெட்டிகள் வேற.

படி ஏறாமல் அந்த ரயிலைப் பிடிக்க ஜங்ஷனா, வடகோவையா?