ஓஎஸ்பிஎஃப் நெய்பர் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையைத் தாண்டவில்லை, உதவி தேவை

ஜூரோங்வாசி:
வணக்கம். ஜூரோங் ஈஸ்ட் அலுவலகத்தையும் தெம்பனிஸ் கிளையையும் இணைக்கும் ரவுட்டரை நேற்றிரவு மாற்றியதிலிருந்து, ரவுட்டர்கள் தமக்குள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) வேலை செய்யவில்லை. பிங் போகிறது, ஏரியா எண் இருபுறமும் 0தான். ஆனாலும் நெய்பர் (அண்டை ரவுட்டர்) தகவல் பரிமாற்றம் தொடங்கும் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நிற்கிறது. காலை எட்டு மணிக்குள் சரியாக வேண்டும்.

தேக்காக்காரன்:
என்ன மாடல், இடையில் எத்தகைய இணைப்பு, எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) எவ்வளவு என்று எதையும் சொல்லவில்லையே. பழைய கான்ஃபிகை அப்படியே நகலெடுத்தீர்களா? இரண்டுக்கும் ஒரே ரவுட்டர் ஐடி அமைந்துவிட்டாலும் சிக்கல்தான்.

மழைச்சாரல்:
‘இருக்கிறேன்’ என்று சொல்லும் ‘ஹலோ’ பாக்கெட்டின் இடைவெளியையும், அது வராவிட்டால் நெய்பர் இல்லையென முடிவுசெய்யும் ‘டெட்’ நேரத்தையும் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒருபுறம் 10, 40 நொடி என்றும் மறுபுறம் 30, 120 நொடி என்றும் இருந்தது.

பழைய கம்பி:
அந்த நேரங்கள் பொருந்தாவிட்டால் எக்ஸ்ஸ்டார்ட் வரைக்கும் வரவே வராது. ஓஎஸ்பிஎஃப் விதிகளைச் சொல்லும், 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2328ஐப் புரட்டாமலே ரவுட்டரில் கைவைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஹலோ பாக்கெட் சிறியது, எப்படியும் போய்விடும். அடுத்து வரும், தன்னிடமுள்ள தகவலின் சுருக்கத்தைச் சொல்லும் டிபிடி பாக்கெட்டிலோ அனுப்பும் ரவுட்டர் தன் எம்டியுவையும் குறிப்பிடுகிறது, அது பெறும் ரவுட்டரின் அளவைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தப் பாக்கெட் ஏற்கப்படாது. சாதாரண பிங் சிறிய பாக்கெட் என்பதால் அது போவது எதற்கும் சான்றாகாது, தம்பி.

மழைச்சாரல்:
‘ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்’ என்ற ஒரு வரி போதுமே; எட்டு மணிக்கு ஓடுகிறவருக்கு இவ்வளவு பாடம் எதற்கு?

பழைய கம்பி:
அந்த வரி எம்டியு சோதனையை நிறுத்துமே தவிர, வேறுபாட்டை நீக்காது. இன்று ‘ஃபுல்’ (பரிமாற்றம் முடிந்தது) என்று காட்டும். ரூட்டுகள் பெருகிப் பெரிய அப்டேட் பாக்கெட் போகும் நாளில் அது வழியிலேயே தொலையும், அப்போது காரணம் தேடி நடுநிசியில் உட்கார வேண்டியிருக்கும்.

கடலோரன்:
இதற்குத்தான் ஓஎஸ்பிஎஃப்புக்கு மாற்றான ஐஎஸ்-ஐஎஸ் (IS-IS) நல்லது என்கிறேன். ஹலோவையே எம்டியு அளவுக்கு நிரப்பி அனுப்புவதால் இக்கோளாறு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

தேக்காக்காரன்:
இரண்டே அலுவலகங்களுக்கு ஐஎஸ்-ஐஎஸ்ஸா? அவருடைய ரவுட்டரில் அது உண்டா என்பதே தெரியாது. மாடலை இன்னும் அவர் சொல்லவில்லை.

கடலோரன்:
அலுவலகம் இரண்டா இருபதா என்பதன்று கேள்வி. கோளாறு எந்த நிலையில் தெரிகிறது என்பதே கேள்வி.

ஜூரோங்வாசி:
எம்டியு தெம்பனிஸில் 9000, இங்கே 1500. பேக்கப்புக்காகச் சக ஊழியர் கூட்டி வைத்திருந்தார். இக்னோர் வரியைப் போட்டதும் ‘ஃபுல்’ வந்தது, பிறகு அங்கும் 1500 ஆக்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

பழைய கம்பி:
நல்லது. அந்த இக்னோர் வரியை இருபுறமும் நீக்கிவிட்டீரா?