யோவான் 1ல ஏன் மூணு பேரைப் பத்தி கேக்குறாங்க?

மாலைவெயில்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இது மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரத்துல, எருசலேம்ல இருந்து ஆசாரியரும் லேவியரும் (ஆலய ஊழியர்கள்) வந்து, ஞானஸ்நானம் கொடுத்துட்டு இருந்த யோவான்ஸ்நானகன்கிட்ட நீர் யாருன்னு கேக்குறாங்க, அவர் நான் கிறிஸ்து அல்லன்னு சொல்லிடுறார், அதோட போயிருக்கலாம்ல, போகல, அப்போ பழங்காலத் தீர்க்கதரிசி எலியாவா, அதுவும் இல்லையா, அப்போ தீர்க்கதரிசியானவரான்னு திரும்பத் திரும்ப கேக்குறாங்க. சண்டே ஸ்கூல்ல இருந்து நான் கேட்டு வளந்தது, யூதர்கள் ஒரே ஒரு மேசியாவுக்குக் (கிறிஸ்துன்னாலும் அதேதான்) காத்திருந்தாங்க, வந்தப்போ கண்டுக்கலன்னுதான். இங்க மூணு தனித்தனி ஆளுங்க மாதிரில்ல இருக்கு?

ஓலைச்சுருள்:
சரியாத்தான் படிச்சிருக்கீங்க. எலியா வருவார்ங்கிறது பழைய ஏற்பாட்டுல மல்கியா புத்தகத்தோட கடைசி அதிகாரம். தீர்க்கதரிசிங்கிறது உபாகமம் 18ல மோசே என்னைப்போல ஒருத்தரை தேவன் எழும்பப்பண்ணுவார்னு சொன்னது. கிறிஸ்து தாவீது வம்சத்து ராஜா. இது யோவான்ல மட்டும் இல்ல, 1947ல இருந்து சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகள்ல கிடைச்ச சுருள்கள்ல அந்த சமூகத்தோட சட்டநூல் ஒண்ணு இருக்கு, அதுல ஒரு தீர்க்கதரிசியும் ஆரோனின், இஸ்ரவேலின் மேசியாக்களும் வர்ற வரைக்கும்னு வருது. மேசியாக்கள், பன்மை! ஆசாரியர் ஒருத்தர், ராஜா ஒருத்தர். அந்த வார்த்தைக்கே அபிஷேகம் பண்ணப்பட்டவர்னுதான் அர்த்தம், ஏசாயா 45ல பாரசீக ராஜா கோரேசுக்கே அதைச் சொல்லியிருக்கு.

கெனேசரேத்:
ஓலைச்சுருள் சொல்றது சரி, ஆனா கும்ரான் ஒரு சின்ன கூட்டம்ங்க, அதை வச்சு எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்கன்னு சொல்ல முடியாது. நிறைய பேர் ஏங்கினது ராஜாவுக்குத்தான்னு நினைக்கிறேன். கி.மு. 63ல ரோம தளபதி பாம்பே எருசலேமைப் பிடிச்சு ஆலயத்தோட மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளயே நுழைஞ்சுட்டான், அந்தக் காயத்துல பிறந்தது சாலொமோனின் சங்கீதங்கள்ங்கிற தொகுப்பு (நம்ம பைபிள்ல கிடையாது), 17வது பாட்டு முழுக்க தாவீதின் குமாரனை எழுப்பும், அந்நியரைத் துரத்தணும்னு கதறல். அதே பாட்டுல அந்த ராஜா குதிரையையும் வில்லையும் நம்பமாட்டார்னும் இருக்கு, அந்த இடத்தை நான் அடிக்கடி போய்ப் படிப்பேன். இன்னொண்ணு, இந்த மூணும் தனித்தனி டப்பாவும் இல்ல. யோவான் 6ல இயேசு கொடுத்த அப்பம் சாப்பிட்ட ஜனங்க இவர்தான் அந்தத் தீர்க்கதரிசின்னு சொல்லிட்டு உடனே ராஜாவாக்கப் பிடிக்க வர்றாங்க, அடுத்த அதிகாரத்துலயே சிலர் தீர்க்கதரிசிங்கிறாங்க, வேற சிலர் கிறிஸ்துங்கிறாங்க.

திராட்சைக்கொடி:
யூதர்கள் குருடரா இருந்தாங்கன்னு பிரசங்கத்துல சொல்றப்போ எனக்கு ரொம்ப வலிக்கும். மத்தேயு 11ல யோவான்ஸ்நானகனே சிறையில இருந்து இயேசுகிட்ட ஆள் அனுப்பி வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்குக் காத்திருக்கணுமான்னு கேக்குறார். இயேசு இறந்த பிறகு எம்மாவு ஊருக்கு வழியில போன சீஷர்கள், அவர் இஸ்ரவேலை மீட்பார்னு நம்பியிருந்தோம்னு துக்கத்தோட சொல்றாங்க. உயிர்த்தெழுந்த பிறகும் அப்போஸ்தலர் 1ல கூடவே இருந்தவங்க ராஜ்யத்தை இப்போ திரும்பக் கொடுப்பீரான்னு கேக்குறாங்க. கூட இருந்தவங்களுக்கே அவ்வளவு நாள் ஆச்சு, மத்தவங்களை மட்டும் குறை சொல்றது எந்த நியாயம்?

மாலைவெயில்:
ரொம்ப நன்றி, எல்லா வசனத்தையும் உக்காந்து படிச்சேன். யோவான் 7ல இன்னொரு குழப்பம், கூடாரப்பண்டிகைல சிலர் கிறிஸ்து எங்கருந்து வர்றார்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்கிறாங்க, அதே பண்டிகைல வேற சிலர் பெத்லகேம்ல இருந்து வரணும்ங்கிறாங்க. இது எப்படி?

ஓலைச்சுருள்:
ரெண்டுமே இருந்த நம்பிக்கைதான். பெத்லகேம்ங்கிறது மீகா 5ல இருக்கு. மத்ததுக்கு, ரெண்டாம் நூற்றாண்டுல ஜஸ்டின்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதின உரையாடல்ல திரிபோங்கிற யூதர் சொல்றதைப் பாருங்க: மேசியா பிறந்து எங்கயாவது இருந்தாலும் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது, எலியா வந்து அபிஷேகம் பண்ணி எல்லாருக்கும் காட்டற வரைக்கும். அந்த மாதிரி நம்பிக்கை இருந்த ஊர்ல, ஆத்தங்கரையில ஒருத்தர் ஞானஸ்நானம் கொடுத்துட்டு நான் கிறிஸ்து அல்லன்னு சொன்னா, அடுத்து நீர் எலியாவான்னுதானே கேப்பாங்க.